உங்க நோய் யாரோட போன்ல இருக்கு?

1/
உங்க வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற சுகாதாரத் தன்னார்வலர் அக்கா கையில ஒரு போன் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? உங்க பேர், வயசு, தெரு, போன் நம்பர், போன மாசம் பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா இல்லையா, எல்லாம் அந்த போன் வழியாத்தான் போகுது. அந்த போனைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
"வீட்டுல இருந்து வேலை"ன்னதும் நமக்கு ஐடி பசங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. எலவனாசூர்கோட்டையிலயும் அப்படி சில பிள்ளைங்க இருக்காங்க. சேலம்-உளுந்தூர்பேட்டை ரோட்டுல பஸ் போற சத்தத்துக்கு நடுவுல, மாடி ரூம்ல உக்காந்து எங்கயோ இருக்கற கம்பெனிக்கு வேலை பார்ப்பாங்க. கம்பெனி லேப்டாப் கொடுத்திருக்கும். உள்ள நுழைய பாஸ்வேர்டு போட்டாப் பத்தாது, ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பும் கேக்கும். லேப்டாப் தொலைஞ்சா, கம்பெனி இருந்த இடத்துல இருந்தே அதுல இருக்கறதை அழிச்சிடும்.

அதே தெருவுல இருக்கற தன்னார்வலர் அக்காவும் ஆபீஸ் இல்லாம வேலை பார்க்கறவங்கதான். நான் பார்த்த வரைக்கும் பல பேருக்கு சொந்த போன், சொந்த ரீசார்ஜ். சாயந்திரம் ஆனா அதே போன்ல பையன் கேம் விளையாடுவான்.

3/
இப்படி வெளியில நின்னு வேலை பார்க்கறவங்க சுகாதாரத் துறையில எவ்வளவு பேர்னு பாருங்க. கிராம சுகாதார செவிலியர், துணை சுகாதார நிலையத்து செவிலியர், மலையில ஆஷா, காசநோய்ப் பணியாளர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பிச்ச பிறகு, வீடு வீடா போற தன்னார்வலர்களும் சேர்ந்தாங்க. டாக்டர்களும் விதிவிலக்கு இல்ல. 2020 மார்ச் 25ஆம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுச்சு. அடுத்த மாசமே ஈ-சஞ்சீவனியில வீட்டுல இருந்தபடியே நோயாளிங்க டாக்டர்கிட்ட பேச ஆரம்பிச்சாங்க.

4/
இதனால கிடைச்ச நன்மையை முதல்ல சொல்லிடணும். பிரஷருக்கு வலி கிடையாது, அறிகுறி பெரும்பாலும் கிடையாது. கரும்பு வெட்டப் போறவர் ஒரு நாள் கூலியை விட்டுட்டு, வலிக்காத ஒரு நோய்க்காக ஆஸ்பத்திரி வரிசையில நிக்க மாட்டார். முன்னாடியெல்லாம் அவர் எங்ககிட்ட வர்றது வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகுதான். இப்ப வாசலுக்கே ஆள் வந்து பட்டை கட்டிப் பார்க்குது. கல்வராயன் மலையில கரியாலூர், வெள்ளிமலையைத் தாண்டி இருக்கற ஊர்க்காரங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த வளைவுல பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும்.

அதனால போனை எல்லாம் பிடுங்கிட்டு பழையபடி நோட்டுக்குத் திரும்புங்கன்னு நான் சொல்லப் போறதில்ல.

5/
ஆனா நோட்டுக்கு ஒரு குணம் இருந்துச்சு. பெரிய தாய் சேய் பதிவேடு துணை சுகாதார நிலையத்து பீரோவுல இருக்கும். அதைத் திருடணும்னா ஒருத்தன் நேர்ல வந்து பூட்டை உடைக்கணும். உடைச்சாலும் அவனுக்குக் கிடைக்கறது நாலஞ்சு ஊரோட விவரம். இன்னைக்கு ஒரு லாகின் கிடைச்சா, அந்த லாகினுக்கு எத்தனை ஊர் தெரியுமோ அத்தனை ஊரும் கிடைக்கும். திருட வர்றவன் நம்ம மாவட்டத்துலயே இருக்க வேண்டியதில்ல.

6/
விவரம் எப்படி வெளியில கசியுது? பல பேர் நினைக்கற மாதிரி முகமூடி போட்ட ஹேக்கர் எல்லாம் தேவையில்ல. மலையில நடக்கறதைச் சொல்றேன்.

சிக்னல் இல்ல. செயலி திறக்காது. அக்கா நோட்டுல எழுதிக்குவாங்க. சாயந்திரம் சிக்னல் கிடைக்கற திருப்பத்துக்கு வந்து, ஒவ்வொரு பேரா என்ட்ரி போட நேரமிருக்காது, ஏன்னா கடைசி பஸ் வந்துடும். அதனால நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவுல போடுவாங்க. கீழ இருக்கற ஒருத்தர் அதைப் பார்த்து கம்ப்யூட்டர்ல ஏத்துவார். கீழ இருக்கறவர் ஏத்தணும்னா மேல இருக்கறவரோட லாகின் வேணும். அதனால பாஸ்வேர்டும் அதே குழுவுல போகும்.

7/
இதுல யாரையும் குறை சொல்றதுக்கு முன்னாடி ரிவ்யூ மீட்டிங்ல என்ன கேக்கறாங்கன்னு யோசிங்க. "எத்தனை என்ட்ரி முடிஞ்சது? ஏன் இன்னும் பாக்கி?" இதைத்தான் கேப்பாங்க. "பாதுகாப்பா போட்டீங்களா?"ன்னு கேக்கற மீட்டிங்கை நான் இன்னும் பார்க்கல. எதைக் கேக்கறோமோ அதுதான் நடக்கும். சரியான வழியில போனா 3 மணி நேரம், குறுக்கு வழியில போனா 10 நிமிஷம்னா, வீட்டுல உலை வைக்க வேண்டிய ஒரு பொம்பளை எதைத் தேர்ந்தெடுப்பாங்க? நானா இருந்தாலும் நீங்களா இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்போம்.

8/
"வாட்ஸ்அப் பாதுகாப்பானதுதானே டாக்டர்?"னு கேப்பீங்க. பாதி சரி. ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்குப் போற வழியில யாரும் படிக்க முடியாது. ஆனா வந்து சேர்ந்த பிறகு? குழுவுல 60 பேர் இருந்தா 60 கேலரியில அந்தப் பக்கம் உக்காந்துக்கும். சில பேர் போன்ல கேலரி தானாவே கூகுள் போட்டோஸ்க்குப் போயிடும். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்தது திறந்தபடி கிடக்கும். டிஸ்ப்ளே உடைஞ்சா போன் சர்வீஸ் கடைக்குப் போகும், லாக் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு வருவோம். கடிதம் போற வழியில பத்திரமா போச்சு, போய்ச் சேர்ந்த இடம் திண்ணை.

9/
"எனக்கு சுகர் இருக்குன்னு ஊருக்கே தெரியும், அதுல என்ன?"ன்னு தோணலாம். சர்க்கரைக்கு அது சரி. இன்னொரு கதை சொல்றேன். ஆளோட அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊரையும் விவரங்களையும் மாத்தியிருக்கேன்.

கல்யாணம் நிச்சயமான ஒரு பொண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சளிப் பரிசோதனையில காசநோய். 6 மாச மருந்து, குணமாகற நோய். மருந்து ஆரம்பிச்சு சில வாரத்துலயே அடுத்தவங்களுக்குத் தொத்தற தன்மையும் பெரும்பாலும் போயிடும். பொண்ணு ஒழுங்கா மருந்து சாப்பிட்டா. ஒரு நாள் "இவங்களை எல்லாம் ஃபாலோ அப் பண்ணுங்க"ன்னு ஒரு குழுவுல போட்ட லிஸ்ட், குழுவுல இருந்த யார் வழியாவோ வெளியில வந்து, மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருத்தர் போன் வரைக்கும் போச்சு.

10/
கல்யாணம் நின்னது ஒரு பக்கம். மருத்துவரா என்னை உலுக்கினது அடுத்து நடந்தது. அந்தப் பொண்ணு மருந்து வாங்க வர்றதை நிறுத்திட்டா. வீட்டுக்குப் போன நர்ஸம்மாவை அவங்க அம்மா வாசல்லயே நிறுத்தி, "நீங்க வந்து வந்துதான்மா எம் பொண்ணு வாழ்க்கை போச்சு, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

காசநோய் மருந்தைப் பாதியில விட்டா நோய் திரும்ப வரலாம், அதே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா மாறலாம், வீட்டுல இருக்கற குழந்தைக்கும் வரலாம். ரகசியம் காப்பாத்தறது மரியாதைக்காக மட்டும்னு நினைக்காதீங்க. அது சிகிச்சையோட ஒரு பாகம். கதவு ஒரு தடவை சாத்திக்கிச்சுன்னா எந்தச் செயலியாலயும் அதைத் திறக்க முடியாது.

11/
சட்டம் இதைப் புரிஞ்சு வச்சிருக்கு. எச்ஐவி தொற்று உள்ளவங்க விவரத்தை அவங்க சம்மதமில்லாம வெளியிடக் கூடாதுன்னு 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது, அது 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்கு. அதே 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்தை நோயாளியோட உரிமைன்னு சொல்லுது. கருக்கலைப்பு செஞ்சுக்கிட்ட பெண்ணோட அடையாளத்தை வெளியிடறது தண்டனைக்குரிய குற்றம்னு 2021 திருத்தம் சொல்லுது. போக்சோ வழக்குல குழந்தையோட அடையாளம் வெளியில வரவே கூடாது. இத்தனை சட்டமும் காக்க நினைக்கற விவரம் கடைசியில, நாலு இலக்க லாக் கூட இல்லாத ஒரு போன்ல பஸ் ஏறிப் போகுது.

12/
ரெண்டாவது ஆபத்து, பணம். கர்ப்பிணிக்கு ஒரு போன் வரும். "பிஎச்சில இருந்து பேசறோம்மா. உங்க பேர் இதுதானே? வீட்டுக்காரர் பேர் இதுதானே? இது எத்தனையாவது மாசம்? முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்திருக்கு, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

பேரும் மாசமும் சரியா இருந்தா யார்தான் நம்ப மாட்டாங்க? மகப்பேறு உதவி 18,000 ரூபாய்னு எல்லாருக்கும் தெரியும். அதுல கைக்கு வர்ற பணம் தவணை தவணையா நேரா வங்கிக் கணக்குக்கு வரும். அதை வாங்க யாருக்கும் போன்ல ஓடிபி சொல்ல வேண்டியதில்ல. இதை உங்க வீட்டுக் கர்ப்பிணிக்கு இன்னைக்கே சொல்லிடுங்க.

13/
மூணாவது, ஏபிகே ஃபைல். கல்யாணப் பத்திரிகைன்னு வரும், டிராஃபிக் அபராதம்னு வரும், அரசுத் திட்டம்னு வரும். தொட்டு இன்ஸ்டால் பண்ணினா குறுஞ்செய்தியைப் படிக்கற அனுமதி கேக்கும். கொடுத்தா ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிடும். அப்புறம் அந்த போன்ல இருக்கற வாட்ஸ்அப்பையே பிடிச்சு, எல்லாக் குழுவுக்கும் அதே ஃபைலை அனுப்புவான். நம்ம கூட வேலை பார்க்கறவங்க அனுப்பினதுன்னு நம்பி அடுத்தவங்களும் தொடுவாங்க. களப்பணியாளர் ஒருத்தர் எத்தனை குழுவுல இருக்காங்கன்னு கணக்கு போட்டுப் பாருங்க. கொரோனா பரவின கணக்கேதான் இங்கயும்.

14/
"சின்ன ஊர்ல இதெல்லாம் நடக்குமா?"ன்னு கேக்கறவங்களுக்குப் பெரிய இடத்துக் கதைகள். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். சர்வர்கள் முடங்குச்சு. அட்மிஷன், லேப் ரிப்போர்ட் எல்லாம் திரும்பவும் பேப்பர்ல, இயல்பு நிலைக்கு வர ரெண்டு வாரம் போல ஆச்சு. 5 சர்வர், சுமார் 1.3 டெராபைட் விவரம் பூட்டப்பட்டுச்சுன்னு நாடாளுமன்றத்துல மத்திய அரசே சொன்னது. காரணம், நெட்வொர்க்கைத் தனித்தனியா சரியா பிரிச்சு வைக்கலைங்கறது. நம்ம பாஷையில சொன்னா, வார்டுக்கு வார்டு கதவு வைக்காத ஆஸ்பத்திரி. ஒரு வார்டுல தொத்தினது எல்லா வார்டுக்கும் போயிடுச்சு.

15/
2024 பிப்ரவரி, அமெரிக்கா. சேஞ்ச் ஹெல்த்கேர்னு ஒரு நிறுவனம், அந்த நாட்டு ஆஸ்பத்திரி பில், மருந்துக்கடைக் கணக்குல பெரும் பகுதி அது வழியாத்தான் போகும். ஊழியர்கள் வெளியில இருந்து உள்ள நுழையறதுக்குன்னு ஒரு வாசல் இருந்துச்சு. அதுல பாஸ்வேர்டு மட்டும்தான், ரெண்டாவது சரிபார்ப்பு கிடையாது. திருடின பாஸ்வேர்டோட உள்ள வந்துட்டாங்க. தாய் நிறுவனத்தோட தலைவர் அமெரிக்க நாடாளுமன்றத்துல போய் இதை ஒத்துக்கிட்டார், 2.2 கோடி டாலர் பிணைத்தொகை கட்டினதையும் சொன்னார். தூரத்துல இருந்து வேலை பார்க்கறதுக்காக வச்ச ஒரே ஒரு வாசல். ரெண்டாவது பூட்டு அங்க இல்ல.

16/
என்னைத் தூங்க விடாத கதை ஃபின்லாந்துல நடந்தது. வஸ்தாமோன்னு ஒரு மனநல ஆலோசனை மையம். நோயாளிகள் மனசு விட்டுப் பேசினதை ஆலோசகர்கள் எழுதி வச்ச குறிப்பு திருட்டுப் போச்சு. 2020 அக்டோபர்ல திருடன் நிறுவனத்தை மட்டும் மிரட்டல. பல ஆயிரம் நோயாளிகளுக்குத் தனித்தனியா மின்னஞ்சல் அனுப்பினான், "பணம் கொடு, இல்லாட்டி நீ சொன்னதை எல்லாம் வெளியிடுவேன்"னு. 2024 ஏப்ரல்ல அவனுக்கு 6 வருஷத்துக்கு மேல சிறைத் தண்டனை கிடைச்சுது. பணம் போனா சம்பாதிக்கலாம், பாஸ்வேர்டு போனா மாத்தலாம். டாக்டர்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னதை எப்படி மாத்தறது?

17/
சரி, என்ன செய்யலாம்? என் கருத்து ஒண்ணுதான். பாதுகாப்பான வழி, இருக்கறதுலயே சுலபமான வழியா இருக்கணும். அது கஷ்டமா இருக்கற வரைக்கும் எத்தனை சர்க்குலர் போட்டாலும் ஜனம் வாட்ஸ்அப்புக்குத்தான் போகும்.

சிக்னல் இல்லாமலே என்ட்ரி போட முடியணும். போனுக்குள்ளயே பூட்டி வச்சு, சிக்னல் வந்ததும் தானா மேல ஏறி, போன்ல இருந்து அழிஞ்சிடணும். இது ஒண்ணு நடந்தா நோட்டை போட்டோ எடுக்கற தேவையே போயிடும். ஆளுக்கு ஒரு லாகின் வேணும். தன் ஊர் விவரம் மட்டும் தெரிஞ்சா போதும், மாவட்டமே தெரிய வேண்டாம். மாறுதல்ல போனவர், வேலையை விட்டவர் லாகினை அன்னைக்கே மூடணும். வேலைக்குன்னு தனி போன் கொடுத்தா, தொலைஞ்சா தூரத்துல இருந்தே அழிக்கலாம்.

18/
இதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு, அதுக்குக் காசே தேவையில்ல. போன் தொலைஞ்சா, தப்பான லிங்க்கைத் தொட்டுட்டா, பயப்படாம உடனே சொல்ல ஒரு ஆள் வேணும். சொன்னா மெமோ வரும்னா யாரும் சொல்ல மாட்டாங்க. 3 நாள் தானே தேடிப் பார்ப்பாங்க. அந்த 3 நாள்தான் திருடனுக்கு வேணும். ஆஸ்பத்திரியில கையில ஊசி குத்திட்டா நாங்க திட்டறதில்ல. உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ரத்தம் பார்த்து, தேவைப்பட்டா தடுப்பு மருந்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள, தவறினா எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிப்போம். தொலைஞ்ச போனுக்கும் அதே அவசரமும், அதே மாதிரி திட்டாத மனசும் வேணும்.

19/
டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, படிப்படியா அமலுக்கு வருது. விவரத்தைப் பாதுகாக்கத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கு. நல்லது. ஆனா அபராதம் விவரம் போன பிறகு வர்றது. போகாம பார்க்கறது தினசரிப் பழக்கம்.

20/
களத்துல வேலை பார்க்கற அக்காக்களுக்கு, தம்பிகளுக்கு. இன்னைக்கு ராத்திரி 15 நிமிஷம் ஒதுக்குங்க:

• போனுக்கு 6 இலக்க லாக். பிள்ளைங்களுக்கு அந்த நம்பர் தெரிய வேண்டாம்.
• வாட்ஸ்அப்ல ரெண்டு அடுக்குச் சரிபார்ப்பு பின் நம்பர் போடுங்க.
• "லிங்க்டு டிவைசஸ்" போய்ப் பாருங்க. உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தா வெளியேத்துங்க.
• வேலைக் குழுக்கள்ல படம் தானா கேலரியில சேமிக்கறதை நிறுத்துங்க. செய்தி தானா அழியற வசதியை 7 நாளுக்கு வைங்க.
• நோயாளி பேரும் நோய் பேரும் ஒரே படத்துல போகக் கூடாது. பேருக்குப் பதிலா பதிவு எண் போதும்.
• *#06# அடிச்சா ஐஎம்இஐ எண் வரும். அதை வீட்டுல எழுதி வைங்க. போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் கொடுத்துட்டு சஞ்சார் சாத்தி தளத்துல போனையே முடக்கலாம்.
• பழைய போனை விக்கறதுக்கு முன்னாடி, கணக்கை எல்லாம் எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட்.

21/
பொதுமக்களுக்கு. உங்க விவரத்தை எங்க எழுதறாங்க, யார் பார்ப்பாங்கன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மரியாதையா கேளுங்க, பதில் சொல்லுவாங்க. மாமியாரோட ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடும்பக் குழுவுல போடறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேளுங்க. வார்டுல வீடியோ எடுக்காதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்துல 60க்கும் மேற்பட்டவங்க செத்தப்போ, படுக்கையில துடிச்சவங்க முகம் போன் போனா சுத்துச்சு. அவங்க யாரும் அதுக்கு அனுமதி கொடுக்கல.

பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராதீங்க. உடனே 1930க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

22/
கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வர்ற அக்கா, "இருங்க, லாக் எடுக்கணும், திரும்ப லாகின் கேக்குது"ன்னு வாசல்ல ரெண்டு நிமிஷம் கூடுதலா நின்னா, "என்னம்மா இவ்வளவு நேரம்"னு சலிச்சுக்காதீங்க. அவங்க அப்ப காப்பாத்தறது உங்க வீட்டு விஷயத்தை. ஒரு சொம்பு தண்ணி கொடுத்து உக்காரச் சொல்லுங்க.

உங்களுக்குத் தெரிஞ்ச செவிலியர், தன்னார்வலர் யாராவது இருந்தா 20ஆம் பதிவை மட்டுமாவது அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.